கொழும்பில் ஞாயிறு மறையும் இடங்கள்

நேயர்களே, நிலத்தை ஐந்தாக வகுத்த நம் முன்னோர் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பொழுதையும் உரிமையாக்கினர். கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்குத் தொல்காப்பியர் தந்த சிறுபொழுது எற்பாடு. எல் என்பது ஞாயிறு. பாடு என்பது படுதல், அதாவது சாய்தல். பகலின் பிற்கூற்றில் வெயில் தணிந்து ஞாயிறு சாயும் வேளையே எற்பாடு எனப்பட்டது. அந்நிலத்துக்குரிய உணர்ச்சி இரங்கல். கடற்கரையில் மாலையில் நிற்பவர் மனத்தில் காரணம் தெரியாமலே ஒரு பாரம் வந்து அமர்வதை அன்றே அறிந்து வைத்திருந்தனர் போலும்.

நமது தீவின் எல்லாக் கரைகளுக்கும் இக்காட்சி ஒரே விதமாய் வாய்ப்பதில்லை. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கடலிலிருந்து ஞாயிறு எழுகிறது. மாலையில் அது வாவிக்கும் வயலுக்கும் அப்பால் தரையில் மறைகிறது. மேற்குக் கரையிலுள்ள கொழும்பிலோ காலை வெயில் வீடுகளின் கூரைகளுக்கு மேலே வந்த பின்னர்தான் தெரியும். மாலையோ கடலுக்கு முன் திறந்து கிடக்கிறது. ஆகவே கொழும்பை எற்பாட்டின் நகரம் என்று சொல்லலாம்.

அந்நகரில் ஞாயிறு மறைவதைக் காணச் சிறந்த இடம் எது? வெளியூரிலிருந்து வரும் உறவினர் கேட்கும் சாதாரணமான கேள்விதான் இது. வடக்கே முகத்துவாரம் தொடக்கம் தெற்கே கல்கிசை வரை எத்தனையோ இடங்களைச் சுட்டிக்காட்டலாம். ஆனால் அவ்விடங்களின் வரலாற்றைப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். ஒன்றைத் தவிர மற்றவை எவையும் மாலையழகைக் காண்பதற்கென்று உருவானவை அல்ல. பீரங்கிக்காகவும் கப்பலுக்காகவும் புகையிரதத்துக்காகவும் ஆள்வோர் அமைத்த இடங்களில் மக்கள் பின்னர் வந்து நின்றுகொண்டனர். அப்படி வந்து நிற்கும் உரிமை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்ததா என்பதுதான் இக்கேள்விக்குள் மறைந்திருக்கும் இன்னொரு கேள்வி.

முதலில் இயற்கையின் ஒழுங்கைச் சிறிது பார்ப்போம். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது கொழும்பு. அதனால் இங்கு ஞாயிறு மறையும் நேரம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. நவம்பரில் மாலை 5.50 அளவிலும் ஜூலையில் 6.30 அளவிலும் மறைகிறது. மாறுவது இடம். மார்ச்சிலும் செப்டெம்பரிலும் நேர் மேற்கே இறங்கும் ஞாயிறு, ஜூன் மாதத்தில் 23 பாகைக்குச் சற்று அதிகமாக வடக்கே ஒதுங்கியும், டிசெம்பரில் அதேயளவு தெற்கே ஒதுங்கியும் இறங்குகிறது. வட்டம் கடலைத் தொட்டு முழுதாக மூழ்க இரண்டு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகும். அந்திக் கருக்கலும் இங்கு குறுகியதே; குளிர்நாடுகளில் போல நீண்டு கிடப்பதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேகத்தைக் கொண்டுவந்து அடிவானத்தை மூடும். டிசெம்பர் முதல் மார்ச் வரையே அலையடங்கிய கடலும் தெளிந்த வானமும் கிடைக்கும் காலம்.

இயற்கையின் ஒழுங்கு இதுவெனினும் கடிகாரத்தின் ஒழுங்கு மனிதன் வகுத்தது. மின்சாரத் தட்டுப்பாட்டை முன்னிட்டு 1996 மே மாதத்தில் இலங்கை நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அவ்வருடம் ஜூலையில் கொழும்பில் ஞாயிறு மறைந்தபோது மணி ஏழரை. அக்டோபரில் அரை மணி குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பிற்று. ஆனால் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இப்புதிய நேரத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே நடந்தது. ஒரே தீவில், ஒரே ஞாயிறு, இரண்டு நேரங்களில் மறைந்த காலம் ஒன்று இருந்தது என்பதை இன்றைய இளைஞர் நம்ப மறுக்கலாம். வவுனியாவைக் கடந்து போய் வந்தவர்களுக்கு அது நினைவிருக்கும்.

இனி இடங்களுக்கு வருவோம். வடக்கே களனி கங்கை கடலோடு கலக்கும் இடம் முகத்துவாரம். பெயரே அதன் பொருளைச் சொல்லிவிடுகிறது. அதையடுத்து மட்டக்குளிப் பக்கம் காக்கைதீவுக் கடற்கரை. ஆற்று நீரும் கடல் நீரும் மோதும் இவ்விடத்தில் மாலை ஒளி இரண்டு நிறமாக விழும். தோணிகளைக் கரையேற்றும் மீனவர்கள் பின்னால் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை; அவர்களுக்கு அது நாள்தோறும் நடக்கும் தொழில் முடிவு. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் நெருங்கி வாழும் வடகொழும்பின் உழைக்கும் மக்கள் காற்று வாங்க வரும் கரை இதுதான். ஹோட்டல் விளம்பரங்களில் இது வருவது அரிது.

அங்கிருந்து தெற்கே வந்தால் துறைமுகம். முன்னாளில் கொழும்புக்கு நல்ல துறை இருக்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது கப்பல்கள் திறந்த கடலில் தத்தளித்தன. அதனால் பெரிய கப்பல்கள் காலித் துறையையே நாடின. 1875 டிசெம்பரில் இங்கு வந்த வேல்ஸ் இளவரசர் தென்மேற்கு அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார். பொறியியலாளர் சேர் ஜோன் கூட் வகுத்த திட்டப்படி அது 1885 இல் முடிந்தது. 4,000 அடிக்கு மேல் நீண்ட அக்கல்லணையே காலியின் பெருமையைக் குறைத்துக் கொழும்பை உலகத் துறைமுகமாக்கியது. மாலையில் அதன் மீது அலை மோதிச் சிதறும்போது ஞாயிற்றின் ஒளி நீர்த்திவலைகளில் தெறிப்பதைத் தூரத்திலிருந்து பலர் பார்த்து மகிழ்ந்திருக்கின்றனர்.

அந்தத் துறைமுகத்தை வேறு விதமாய் நினைவில் வைத்திருப்போரும் உளர். 1983 ஜூலைக் கலவரத்தில் வீடிழந்து, பாடசாலைகளிலும் கோவில்களிலும் அகதிகளாய்க் கிடந்த தமிழ்க் குடும்பங்கள் பல, இத்துறையிலிருந்தே கப்பலேறிக் காங்கேசன்துறைக்குச் சென்றன. எரிந்த நகரத்தின் புகையைப் பின்னே விட்டு அலைதாங்கியைத் தாண்டிய அவர்களுக்கு மேற்கு வானத்தின் சிவப்பு எப்படித் தோன்றியிருக்கும் என்று நாம் விவரிக்க வேண்டியதில்லை.

துறைமுகத்தை அடுத்தது கோட்டை. அங்கே நகர நடுவில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு இரட்டை வாழ்க்கை. 1856, 57 ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்ட அதனை வரைந்தவர் அந்நாளைய தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் அவர்களின் துணைவியார் எமிலி எலிசபெத் வார்ட். 1867 இல் அதன் உச்சியில் விளக்கேற்றப்பட்டு அது கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்சவீடாகவும் ஆனது. பின்னர் சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்து கடலிலிருந்து ஒளி தெரியாமல் மறைத்துவிட்டன. எனவே 1952 இல் அவ்விளக்கு ஓய்ந்தது; கடலோரத்தில் புதிய வெளிச்சவீடு எழுந்தது. அடிப்பீடத்தில் சிங்கச் சிலைகள் காவலிருக்கும் அப்புதிய வெளிச்சவீட்டின் முற்றம் நெடுங்காலம் மாலைக் காட்சிக்குப் பேர் பெற்றிருந்தது. போர்க்காலத்தில் கோட்டையின் பல வீதிகள் தடைக்குள் அகப்பட்டன. போர் முடிந்து சில ஆண்டுகளுக்குள் அதன் முன்னாலேயே கடல் நிலமாகத் தொடங்கியது. அக்கதையைப் பின்னர் சொல்கிறேன்.

இப்போது தெற்கே போவோம். அதற்குச் சிறந்த வாகனம் புகையிரதம். கரையோரப் பாதை 1877 இல் மொறட்டுவை வரை திறக்கப்பட்டது. பின்னர் களுத்துறை, காலி, மாத்தறை என நீண்டது. கொம்பனித் தெருவைக் கடந்து கொள்ளுப்பிட்டியை அடைந்ததும் வண்டி கடலுக்கு மிக அருகில் ஓடத் தொடங்கும். மாலையில் வேலை முடிந்து வாசற்படியில் தொங்கிச் செல்லும் எழுதுவினைஞருக்கும் கடைச் சிப்பந்திக்கும் வலப்புறத்தில் கடலும் ஞாயிறும் இலவசமாய்க் கிடைக்கின்றன. நகரத்தில் மிகக் கூடுதலான பேர் ஞாயிறு மறைவதைக் காண்பது ஒருவேளை இந்த வண்டிகளிலிருந்துதான். ஆயினும் இதே தண்டவாளம் கரையில் வாழ்வோருக்கும் கடலுக்கும் இடையே ஒரு வேலிபோல் விழுந்தது என்பதையும் மறக்கலாகாது. பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் கடலைத் தொட வேண்டுமாயின் இன்றும் தண்டவாளத்தைத் தாண்டியே ஆகவேண்டும்.

வெள்ளவத்தைக் கரைக்கு நம் வாழ்வில் தனியிடம் உண்டு. போர் வடக்கைக் குலைத்த காலத்தில் அங்கிருந்து வந்தவர்கள் இப்பகுதியின் தொடர்மாடிகளில் குடியேறினர். மாலையில் அந்தக் கற்களில் வந்து அமர்ந்த முதியவர்களை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் விசாவுக்குக் காத்திருந்தவர்கள் அவர்கள். கையில் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இருக்கும். இருட்டினால் சோதனைச் சாவடி. ஆகவே ஞாயிறு மறைந்த மறுகணம் எழுந்து வீட்டுக்கு விரைந்தனர். அவர்களுக்கு எற்பாடு என்பது ஊரடங்கின் முன்னறிவிப்பு. இரங்கல் என்னும் உரிப்பொருளுக்கு இதைவிட வேறு உரை வேண்டுமா?

இன்னும் தெற்கே கல்கிசை. கடலுக்குள் நீண்ட ஒரு குன்றின் மீது 1806 இல் தேசாதிபதி சேர் தோமஸ் மெயிட்லண்ட் தமக்கென ஓர் இல்லம் அமைத்தார். பின்வந்த சேர் எட்வர்ட் பார்ன்ஸ் அதனை மாளிகையாக விரித்தார். புகையிரதம் வந்த 1877 இலேயே அது ஹோட்டலாயிற்று. தேசாதிபதி மெயிட்லண்டையும் ஒரு நடனக்காரியையும் இணைத்து வழங்கும் காதற்கதையை வழிகாட்டிகள் சுவைபடக் கூறுவர். கதை எப்படியாயினும், வடக்கே கொழும்பு நகரின் கோட்டுருவமும் மேற்கே திறந்த கடலும் ஒருங்கே தெரியும் இடம் இதுவே. மாளிகையின் மேடையில் அமர்வதற்குப் பணம் வேண்டும். கீழேயுள்ள மணலில் அமர்வதற்கு வேண்டியதில்லை. ஞாயிறு இரண்டு இடத்தாருக்கும் ஒன்றாகவே மறைகிறது.

இவ்வளவும் சொன்னபின், மாலையைக் கழிப்பதற்கென்றே உருவான அந்த ஓரிடத்துக்கு வருகிறேன். அது காலிமுகத்திடல்.

1656 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கோட்டைக்குத் தெற்கே இவ்வெளியைத் திறந்து வைத்திருந்தனர். பீரங்கியின் பார்வைக்குத் தடை இருக்கக் கூடாது என்பதே காரணம். 1796 இல் வந்த ஆங்கிலேயர் அதில் குதிரைப் பந்தயம் விட்டனர். பின்னாளில் கோல்ப் விளையாடினர். தேசாதிபதி வார்ட்தான் 1856 இல் கடலோரமாக நடைபாதை அமைக்கத் தொடங்கி 1859 இல் முடித்தார். கொழும்பின் சீமாட்டிகளினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக அதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரைக் கேட்டு ஒரு கல்லும் நாட்டினார். மனைவியார் மணிக்கூட்டுக் கோபுரத்தை வரைந்த அதே காலத்தில் கணவர் மாலை நடைக்குப் பாதை போட்டார் என்பது இந்நகர வரலாற்றில் ஓர் இனிய பொருத்தம்.

கொழும்பின் சீமாட்டிகளும் பிள்ளைகளும் என்று கல் சொன்னதே, அவர்கள் யார்? திடலின் ஓரத்தில் இருந்த கொழும்பு கிளப்பில் வெள்ளையர்க்கு மட்டுமே இடம். 1864 இல் தென்முனையில் எழுந்த காலிமுக ஹோட்டலும் கடல் கடந்து வந்த பயணிகளுக்கானது. குதிரை வண்டிகளில் உலாவிய துரைமாருக்கும் துரைசானிமாருக்கும் அப்பாதை அமைந்தது. ஆனால் புல்வெளிக்கு மதில் இருக்கவில்லை. மதில் இல்லாத இடத்தில் மக்கள் வருவதை எக்கல்லும் தடுக்க முடியாது. பட்டம் விடும் சிறுவரும், கடலை விற்போரும், இறால் வடை சுடுவோரும், ஒரு குடையின் கீழ் ஒதுங்கும் காதலரும் காலப்போக்கில் அத்திடலைத் தமதாக்கிக்கொண்டனர். நோன்புப் பெருநாளன்று முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் அங்கு கூடித் தொழுகின்றனர். ஞாயிறு மறைந்தபின் மேற்கே தெரியும் இளம்பிறையால் நாளைக் கணிக்கும் சமூகத்துக்கு அக்கரை பொருத்தமான தொழுகைத் திடலன்றோ?

திடலின் வடமுனையில் 1930 இல் திறக்கப்பட்ட கட்டடம் பின்னர் சுதந்திர இலங்கையின் பாராளுமன்றமாயிற்று. அதனால் காலிமுகத்திடல் நாட்டின் வாசல்முற்றம் ஆனது. 1956 ஜூன் 5 ஆம் திகதி, சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் மசோதா அங்கு எடுக்கப்பட்ட நாளில், தந்தை செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் இத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தனர். கைகளில் ஆயுதம் இல்லை. காடையர் கூட்டம் அவர்களை அடித்து உதைத்தது. பொலிஸார் பார்த்து நின்றனர். வட்டுக்கோட்டை உறுப்பினர் அமிர்தலிங்கம் தலையில் கட்டுடன் சபைக்குள் சென்றார். வன்முறை நகரில் பரவி, கல்லோயாவில் உயிர்களைக் குடித்தது. அன்று மாலை ஞாயிறு வழக்கம்போல இறங்கியது. மாலைக்காற்று வாங்க எல்லோருக்கும் திறந்திருந்த புல்வெளியில், தம் மொழிக்காக உட்கார்ந்திருக்க ஒரு சாராருக்கு மட்டும் இடமில்லை என்பதை அந்நாள் காட்டியது. அந்த ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் என்ன செய்தது என்பதை வரலாறு அறியும்.

ஏறத்தாழ 60 ஆண்டுகள் உருண்டன. 2016 பெப்ரவரி 4 ஆம் திகதி சுதந்திர தின வைபவம் இதே திடலில் நடந்தது. நிகழ்ச்சியின் முடிவில் தேசிய கீதம் தமிழில் இசைக்கப்பட்டது. பல பத்தாண்டுகளின் பின் உத்தியோகபூர்வ மேடையில் நிகழ்ந்த அதனைக் கேட்டுக் கண் கலங்கியோர் உண்டு. பாட்டால் நிலம் திரும்பக் கிடைக்குமா, காணாமற் போனோர் வருவார்களா என்று கேட்டோரும் உண்டு. இரு சாராரும் சொன்னது உண்மையே. 2020 இல் சுதந்திர தின வைபவம் வேறோரிடத்தில் நடந்தபோது அக்கீதம் சிங்களத்தில் மட்டுமே இசைக்கப்பட்டது.

பின்பு 2022 வந்தது. எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்று களைத்த மக்கள் ஏப்ரல் 9 ஆம் திகதி காலிமுகத்திடலில் கூடினர். கூடாரம் அடித்து அங்கேயே தங்கினர். நோன்பு மாதமாகையால் ஞாயிறு மறைந்ததும் முஸ்லிம்கள் நோன்பு திறக்க, பிற மதத்தவர் அவர்களோடு அமர்ந்தனர். மே 9 ஆம் திகதி ஆளுந்தரப்பு ஆதரவாளர்கள் கூடாரங்களைத் தாக்கினர். ஆயுதமின்றி அமர்ந்தவர்களை அதே புல்லில் அடிக்கும் காட்சியைப் பார்த்தபோது பழைய சத்தியாக்கிரகத்தை நினையாத தமிழர் இருந்திருக்க மாட்டார்கள். அதிலிருந்து ஒன்பதாம் நாள், மே 18 இல், அத்திடலில் முள்ளிவாய்க்காலில் இறந்தோருக்கு விளக்கேற்றப்பட்டது, கஞ்சி பகிரப்பட்டது. சிங்கள இளைஞர்களும் அதில் நின்றனர். தலைநகரின் நடுவில் அப்படியொரு நினைவுகூரல் அதற்கு முன் நினைத்துப் பார்க்க முடியாதது. ஜூலை 14 இல் ஜனாதிபதி பதவி விலகினார். 22 ஆம் திகதி அதிகாலையில் படையினர் திடலின் முகப்பைக் காலி செய்தனர். கூடாரங்கள் போயின. நடந்தது நடந்ததுதான்.

இதனிடையே மேற்கில் இன்னொன்று நிகழ்ந்துவிட்டது. முன்னர் சொல்லாமல் வைத்த கதை இதுவே. 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் வருகையின்போது துறைமுக நகரப் பணி தொடங்கியது. 2015 இல் நிறுத்தப்பட்டு 2016 இல் மீண்டும் தொடர்ந்தது. 2019 தொடக்கத்தில் 269 ஹெக்டயர் கடல் நிலமாகி முடிந்தது. அதற்கான மணல் கடலடியிலிருந்து அள்ளப்பட்டபோது நீர்கொழும்பு மீனவர்கள் தம் மீன்வளம் அழிவதாகக் குரல் எழுப்பினர். வெளிச்சவீட்டின் முன்னிருந்த கடல் இன்று அங்கில்லை. திடலின் வடபாதியில் நின்று வடமேற்கே பார்ப்பவருக்கும் அடிவானத்தின் ஒரு பகுதி போய்விட்டது. ஜூன் மாதத்தில் ஞாயிறு அந்தப் புதிய நிலத்தின் பக்கமாகவே சாய்கிறது. டிசெம்பரில் தென்மேற்கே ஒதுங்கும்போது கடலில் இறங்குவதைப் பழையபடி காணலாம். புதிய நிலத்திலும் 2022 இல் ஒரு நடைபாதை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது; அங்கிருந்தும் மாலைக் காட்சி நன்றே. ஆயினும் அந்நிலம் 2021 இல் இயற்றப்பட்ட தனிச்சட்டத்தால் ஆளப்படுவது. காலிமுகத்திடலின் புல்வெளிக்கு மதில் இல்லாதிருந்தது தற்செயலாய் நேர்ந்த பேறு. அங்கே அது தற்செயலாய் வருமென எதிர்பார்க்க முடியாது.

ஆகவே, நேயர்களே, சிறந்த இடம் எது என்று உறவினர் கேட்டால் காலிமுகத்திடல் என்றே சொல்லுங்கள். டிசெம்பரில் அல்லது ஜனவரியில், மாலை ஐந்தரை மணிக்கு முன்னரே போய், ஹோட்டல் இருக்கும் தென்முனைப் பக்கமாக நிற்கச் சொல்லுங்கள். இறால் வடை வாங்கித் தாருங்கள். பின்னர் திரும்பி நின்று பழைய பாராளுமன்றத்தைக் காட்டி, 1956 இல் இங்கே யார் உட்கார்ந்தார்கள், ஏன் உட்கார்ந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். தமிழிலேயே, தாழ்ந்த குரலில் அன்றி, வழக்கமான குரலில் சொல்லுங்கள். அருகில் நிற்பவர் கேட்டாலும் கேட்கட்டும்.